பழைய ஜீப்பில் புது பெட்ரோல் டேங்க் மாட்டுவது எப்படி?

பழைய ஜீப் ஒன்றின் ஒரே ஒரு முன்சக்கரத்தை மட்டும் முழங்கால் உயரக் கல்லின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். இறங்கிப் பின்னால் போய், பின்கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சமதரையில் லேசாகத் தள்ளினாலே சாத்திக்கொள்ளும் கதவு இப்போது ஓரத்தில் இடிக்கும், பூட்டு சேராது. கதவில் ஒரு குறையும் இல்லை. ஏணி மாதிரி இருக்கும் அந்த சேஸிஸ், ஈரத் துணியைப் பிழிந்ததுபோல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அது அதன் இயல்பு.

டேங்க் மாட்டுகிறவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான். சேஸிஸ் முறுக்கும், அந்த முறுக்கு டேங்குக்குப் போகக் கூடாது. மற்ற வேலைகளையெல்லாம் இதற்கப்புறம் யோசித்தால் போதும்.

நான் முதன்முதலில் மாட்டிய டேங்க் எட்டு மாதம்தான் தாங்கியது. நான்கு மூலையிலும் போல்ட்டைப் பலமாக இறுக்கினேன், ஸ்பிரிங் வாஷர் போட்டேன், பிடித்து ஆட்டிப் பார்த்தேன். துளி அசைவு இல்லை. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் மாதம் ஒரு மூலையில், மேல் தகடும் கீழ்த் தகடும் சேரும் மடிப்பில், தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். பெட்ரோல் சொட்டவில்லை. அந்த இடத்துப் புழுதி மட்டும் கறுத்து, விரலால் தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. டேங்க் மட்டமான சரக்கு இல்லை. நான் அதை சேஸிஸோடு சேர்த்துக் கட்டிப்போட்டதால், ஒவ்வொரு பள்ளத்திலும் அதுவும் சேர்ந்து முறுக்கியிருக்கிறது. அந்த ஒரு கீறல் கற்றுத்தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் வண்டியில் டேங்க் எங்கே இருக்கிறது?

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பியில் டேங்க் டிரைவர் இருக்கைக்கு அடியில், தரையில் குழித்த ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கொள்ளளவு 15 அமெரிக்க கேலன், சுமார் 57 லிட்டர். குட்டை சேஸிஸ் லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளிலும் முன் இருக்கைக்கு அடியில்தான். பழைய டொயோட்டா எஃப்ஜே40-இல் பக்கத்து இருக்கையின் கீழ், வண்டிக்கு உள்ளேயே இருக்கும். 1976-இல் வந்த ஜீப் சிஜே-7-இல் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால், சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே, அடியில் ஒரு காப்புத் தகடு தாங்க இருக்கும்.

இடத்துக்கு ஏற்ப எதிரியும் மாறும். இருக்கைக்கு அடியில் இருப்பதற்குத் தண்ணீர் எதிரி: பள்ளத்தின் வடிகால் துளை அடைத்துக்கொண்டால், டேங்கின் அடிப்பகுதி மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறும். இன்னொன்றும் உண்டு. இருக்கையின் சுருள் கம்பி பழசாகித் தொங்கினால், டேங்க் மேலே இருக்கும் வயர் முனையில் உரசும். பெட்ரோலுக்கு நேர் மேலே மின்பொறி என்றால் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த முனைக்கு ரப்பர் மூடி போடாமல் இருக்கையை வைக்கவே வைக்காதீர்கள். பின்னால் தொங்கும் டேங்குக்குக் கல்லும் சேறும் சைலன்சர் சூடும் எதிரிகள்.

கீழே வருவது பெரும்பாலும் பின்னால் தொங்கும், காப்புத் தகடு உள்ள வகையை வைத்து எழுதியது. இருக்கைக்கு அடியில் உள்ளதற்கும் முறை இதேதான், ஜாக்கி வேலை மட்டும் இருக்காது.

தீ பற்றிய பேச்சு

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோல் திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு அது ஆவி விடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு முதல் ஏழரை பங்கு வரை ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. ஆகவே காலி டேங்கைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பழைய டேங்கைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் சில துளிகள் சூட்டில் மறுபடி ஆவியாகும்.

அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். அதனால் சர்வீஸ் குழிக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யக் கூடாது. திறந்த வெளி, சமதரை, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். பக்கத்தில் அடுப்பு, ஹீட்டர், ஓடும் மோட்டார் எதுவும் வேண்டாம். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் பேட்டரி எல்இடி விளக்கு. கீழே விழுந்தால் உடையும் குண்டு பல்பு வேண்டாம். உலர் பொடி அல்லது நுரைத் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கிரைண்டரை அன்று வெளியே எடுக்காமலே இருப்பது நல்லது.

கழற்றும் முன் ஒரு சோதனை

புது டேங்கோடு புது டேங்க் யூனிட்டும், அதாவது மிதவையும் கம்பியும் சேர்ந்த அந்தப் பாகமும் வாங்கியிருந்தால், அது உங்கள் பெட்ரோல் முள்ளோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். பழைய டேங்கைத் திறப்பதற்கு முன், பெட்ரோல் வாடையே இல்லாத நேரத்தில் செய்துவிட வேண்டிய வேலை இது.

யூனிட்டின் மிதவையைக் கையால் தூக்கி இறக்கி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சிஜே-7 போன்றவற்றில் காலியாக இருந்தால் சுமார் 73 ஓம், நிறைந்தால் சுமார் 10 ஓம். ஜெனரல் மோட்டார்ஸ் முறையில் காலிக்கு 0, நிறைவுக்கு 90. பொதுவாகக் கடையில் கிடைக்கும் யூனிட்களில் பல காலிக்கு 240, நிறைவுக்கு 33 காட்டும். இன்னொரு வகை காலிக்கு 10, நிறைவுக்கு 180. இவை கலந்துவிட்டால் முள் தலைகீழாக ஓடும், அல்லது பாதி டேங்கைத் தாண்டாது. வயரைப் பழைய யூனிட்டிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டி, அதன் உடலுக்கு ஒரு எர்த் வயர் கொடுத்து, சாவியைப் போட்டு மிதவையை மெல்ல உயர்த்துங்கள். பழைய முட்கள் பலவும் உள்ளே சூடாகி வளையும் தகட்டால் நகர்பவை, சோம்பேறித்தனமாகத்தான் ஏறும். அரை நிமிடம் பொறுத்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

இந்த ஐந்து நிமிடச் சோதனையை விட்டவர்கள், எல்லாம் மாட்டி நிரப்பி முடித்த பிறகு டேங்கை மறுபடி இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கழற்றுதல்

வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பெட்ரோல் போடாமல் ஓட்டி, டேங்கைக் கால்வாசிக்குக் கீழே கொண்டுவாருங்கள். முந்தின நாள் எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அடுத்த நாள் மறுபடி ஒருமுறை.

வேலை நாளில் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தொடாதபடி துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வண்டியைத் தூக்கினால் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் உள்ளே போகக் கூடாது. மூடியைத் திறந்து உள் அழுத்தத்தை விட்டுவிட்டு, மிச்ச பெட்ரோலைக் கை பம்பால் இரும்பு ஜெர்ரிகேனுக்கு மாற்றுங்கள். ஜெர்ரிகேன் தரையில் நேராக நிற்க வேண்டும். வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது, நுரையீரலுக்குள் போகும் ஒரு வாய் பெட்ரோல் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும்.

குழாய்களைக் கழற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் டேப் ஒட்டி எழுதுங்கள்: எஞ்சினுக்குப் போவது, மிச்சம் டேங்குக்குத் திரும்பி வருவது (ரிட்டர்ன் லைன்), டேங்குக்குள் காற்று போய்வரும் மூச்சுக் குழாய். இப்போது எல்லாம் நினைவிருக்கும். இரண்டு வாரம் வேலை இழுத்தால் எதுவும் நினைவில் இருக்காது. கழற்றிய குழாயின் வாயில் பொருத்தமான போல்ட் ஒன்றைச் செருகி அடைத்துவிடுங்கள், தூசியும் உள்ளே போகாது, ஆவியும் வெளியே வராது.

துருப்பிடித்த நட்டு வழிக்கு வராவிட்டால் சூடு காட்டாதீர்கள். நட்டை உடைக்கும் கருவி இருக்கிறது. இல்லையென்றால் டேங்க் அருகில் இல்லாத பக்கமாகக் கை ஹாக்ஸாவால், எண்ணெய் விட்டுக்கொண்டே, மெதுவாக அறுக்கலாம். காப்புத் தகட்டுக்கு அடியில் ட்ராலி ஜாக்கியை வைத்து, நடுவில் ஒரு ஒட்டுப்பலகையைக் கொடுத்து, கடைசி இரண்டு நட்டைக் கழற்றுங்கள். உள்ளே பத்து லிட்டர் மிச்சம் இருந்தாலே அது ஒரு பக்கமாக ஓடி டேங்கைச் சாய்க்கும். ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இறக்கியதும் காப்புத் தகட்டையும் டேங்கையும் பிரித்துப் பாருங்கள். நான் ஒருமுறை பிரித்தபோது நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு மண் அடை படிந்திருந்தது. வெளியே எடுத்தால் டேங்கின் அடிப்பகுதி அப்படியே அச்சுப் பதிந்து, செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. ஆனால் டேங்கை ஒட்டியிருந்த பக்கத்தில் மட்டும் ஈரம். கோடைக்கு நடுவில்! அந்த ஈரம்தான் தகட்டைத் தின்றிருந்தது, துளை விழுந்தது உள்ளேயிருந்து இல்லை. காப்புத் தகட்டில் வடிகால் துளைகள் எதற்காக இருக்கின்றன என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தல்

பழையதையும் புதியதையும் ஒரே திசையில் படுக்க வையுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பெயின்ட் பட்டதை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

பார்க்க வேண்டியவை: நிரப்பும் குழாய் சேரும் கழுத்தின் கோணமும் விட்டமும், எத்தனை குழாய்கள் வருகின்றன, போல்ட் துளைகளின் இடைவெளி, யூனிட்டின் துளை. ரிட்டர்ன் லைன் இருந்த வண்டிக்கு ரிட்டர்ன் இல்லாத டேங்க் வந்திருந்தால், அந்தக் குழாயை அடைத்துவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். டீசல் வண்டியில் அது பெரிய கோளாறில் முடியும். டேங்கை மெல்ல ஆட்டியும் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் வெல்டிங் துணுக்கு கிடக்கிறது என்று அர்த்தம். உள்தடுப்புத் தகடு இருக்கிறதா என்பதை யூனிட் துளை வழியாக விளக்கடித்துப் பார்க்கலாம். 57 லிட்டர் பெட்ரோல் என்பது 42 கிலோவுக்கு மேல். தடுப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அத்தனை எடையும் முன்சுவரில் போய் மோதும்.

பிளாஸ்டிக் டேங்க் என்றால் ஒரு கூடுதல் விஷயம்: பெட்ரோல் பட்ட முதல் சில வாரங்களில் பாலிஎத்திலீன் கொஞ்சம் உப்பும். அதனால் அளவெடுத்ததுபோல் இறுக்கமாகப் பொருத்தாமல், சுற்றிலும் இடம் விட்டே மாட்ட வேண்டும்.

புது இரும்பு டேங்கின் உள்ளே துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, துளைகளை மூடி, எல்லாப் பக்கமும் சாய்த்துக் கழுவிக் கொட்டுங்கள். கடைசியில் வருவது தெளிவாக இருக்கும்வரை இரண்டு மூன்று முறை. துளைகளில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் மூடிகளை எண்ணிப் பார்த்து எடுங்கள். மூச்சுக் குழாய் மூடி ஒன்று உள்ளேயே இருந்துவிட்டால், வண்டி பத்து கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும், காரணமும் புரியாது.

வெளிப்புறத்துக்கு நல்ல பிரைமரும் பெயின்ட்டும் இரண்டு கை அடியுங்கள். மேல்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். மாட்டிய பிறகு கண்ணில் படாத இடம் அது, சேறு உட்காரும் இடமும் அதுதான். யூனிட் உட்காரும் வளையத்தில் மட்டும் பெயின்ட் வேண்டாம்.

யூனிட்டை உட்கார வைத்தல்

ஐந்து திருகு உள்ள வகையில் துளைகளின் இடைவெளி சமமாக இருக்காது. ஒரே ஒரு நிலையில்தான் எல்லாத் துளையும் சேரும். சேராவிட்டால் துளையைப் பெரிதாக்காமல், கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். மிதவையின் கம்பி எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் உள்தடுப்பில் முட்டாமல் இருக்க வேண்டும். டேங்கை மெல்லத் தலைகீழாக்கினால் மிதவை விழும் சத்தம் கேட்கும், நேராக்கினால் மறுபடி ஒன்று கேட்கும். இரண்டும் கேட்டால் மிதவைக்குத் தடை இல்லை.

கேஸ்கெட் பெட்ரோலைத் தாங்கும் ரப்பரோ கார்க் கலந்ததோ ஆக இருக்கட்டும். சாதாரண சிலிகான் பசை வேண்டாம். பெட்ரோலில் அது ஊறி உப்பி, துணுக்காகப் பிரிந்து கார்புரேட்டர் வரை போகும். திருகு டேங்குக்குள் ஊடுருவும் வகையானால் ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் ஃபைபர் வாஷரோ செம்பு வாஷரோ வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேஸ்கெட் ஓரம் லேசாகப் பிதுங்கத் தொடங்கினால் போதும். பூட்டு வளையம் உள்ள வகைக்கு, வளையத்தைத் தட்டப் பித்தளைத் துண்டோ மரக்கட்டையோ எடுங்கள், இரும்பு வேண்டாம்.

டேங்கை உட்கார வைத்தல்

இனிமேல்தான் ஆரம்பத்தில் சொன்ன முறுக்கு விஷயம் கைக்கு வருகிறது.

டேங்க் இரும்பைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் பட்டை வேண்டும். காப்புத் தகட்டின் உள்பக்கமும் சரி, மேலே சுற்றும் இரும்புப் பட்டையின் உள்பக்கமும் சரி. ரப்பர் பட்டை இரும்புப் பட்டையைவிடக் கொஞ்சம் அகலமாக, இரு ஓரத்திலும் தெரியும்படி இருக்கட்டும். கம்பளித் துணி, பழைய கார்ப்பெட் துண்டு இவற்றை வைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த மண் அடை செய்த வேலையையே இவையும் செய்யும். ரப்பரையும் நீளமாக ஒரே துண்டாக ஒட்டாமல், தண்ணீர் வழிய நடுநடுவே இடைவெளி விட்டு ஒட்டுங்கள்.

இரும்புப் பட்டையால் பிடிக்கும் வகையில் இறுக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ரப்பர் பிதுங்கத் தொடங்கும்வரை இறுக்கி, டேங்கை இரண்டு கையாலும் திருகிப் பாருங்கள். நழுவக் கூடாது. அதே சமயம் பட்டைக்கு அடியில் டேங்கின் தகடு குழியவும் கூடாது. நைலான் வளையம் உள்ள நட்டோ இரட்டை நட்டோ போட்டால், இந்த இடத்திலேயே இறுக்கத்தை நிறுத்தலாம்.

விளிம்பில் நான்கு துளை உள்ள டேங்கில்தான் நான் செய்த தவறு நடக்கும். போல்ட், வாஷர், டேங்கின் விளிம்பு, சேஸிஸ் எல்லாம் இரும்போடு இரும்பாக இறுகிவிடும். அதற்கு வழி இது: துளையைச் சரியான அளவுக்கு அகலப்படுத்தி, விளிம்பின் மேலும் கீழும் கனமான ரப்பர் வாஷர்; அவற்றின் நடுவே போல்ட் நுழையும் ஒரு இரும்புக் குழல். குழலின் நீளம், இறுக்காத நிலையில் இரண்டு ரப்பரும் விளிம்பும் சேர்ந்த கனத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இப்போது எவ்வளவு பலமாக இறுக்கினாலும் போல்ட் குழலைத்தான் பிடிக்கும், டேங்கை நசுக்காது. டேங்க் இரண்டு ரப்பருக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கும். துளை அகலப்படுத்தும் வேலையை டேங்கைக் கழுவும் முன், அது பெட்ரோலையே பார்க்காத நிலையில் முடித்துவிடுங்கள்.

புதிதாகத் தாங்கி செய்ய வேண்டியிருந்தால் நான்கு கால் வேண்டாம், மூன்று போதும். நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. ஒரு பக்கம் இரண்டு இடத்தில் பிடி, எதிர்ப்பக்கம் நடுவில் ஒரே ஒரு ரப்பர் பிடி. சேஸிஸ் எப்படி முறுக்கினாலும் அந்த ஒற்றைப் பிடி அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

டேங்கை ஜாக்கியில் பாதி உயர்த்தியதும் நிறுத்துங்கள். மேலே உள்ள குழாய்களையும் வயரையும் இப்போதே மாட்டிவிட வேண்டும். முழுதாக ஏற்றினால் கை நுழையாது. அப்புறம் ஏற்றி, எல்லா நட்டையும் கையால் நான்கு சுற்று மட்டும் சுற்றிவிட்டு, நிரப்பும் குழாயின் ஹோஸைச் சேர்த்துப் பாருங்கள். டேங்க் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் நகர வேண்டியிருக்கும். ஹோஸ் இழுபடாமல், மடங்காமல் சேர்ந்த பிறகே இறுதி இறுக்கம். ரப்பர் வைத்துத் தாங்கும் இடங்களைத் தவிர, எந்த இரும்பிலிருந்தும் டேங்கின் உடலுக்கு ஒரு விரல் கனமாவது இடைவெளி. சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தூரம். அது முடியாவிட்டால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு.

ஹோஸ், கிளாம்ப், மூச்சுக் குழாய்

பழைய ஹோஸை மறுபடி போடாதீர்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால், அந்தக் காலத்து ரப்பர் உள்ளே இளகி உரியும். வெளியே பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றோ, இன்னும் உசத்தியான ஆர்9 என்றோ அச்சிட்டிருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு ஆர்7 போதும், நான் ஆர்9-தான் போடுவேன். கிளாம்பில் பல்வரிசை வெட்டிய வகை சின்ன ஹோஸைக் கடித்துக் கிழிக்கும். ஓரம் மழுங்கிய, போல்ட் போட்டு இறுக்கும் வகை நல்லது. குழாய் முனையில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். கிளாம்ப் அதன் மேல் இல்லாமல் அதைத் தாண்டி உட்கார வேண்டும்.

நிரப்பும் ஹோஸ் மேலிருந்து கீழே தொடர்ந்து சரிவாக வர வேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே பெட்ரோல் தேங்கி நிற்கும். கூடவே வரும் சின்னக் காற்றுக் குழாய் மடங்கியிருந்தால், பெட்ரோல் போடும்போது பங்கின் குழாய்த் துப்பாக்கி டக் டக்கென்று நின்றுகொண்டே இருக்கும். மூச்சுக் குழாயின் வெளிமுனையை டேங்கைவிட உயரமாகக் கொண்டுபோய், தண்ணீரும் புழுதியும் ஏறாத இடத்தில் கட்டுங்கள். ஆற்றைக் கடக்கும் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். மூச்சு அடைத்த டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய வெற்றிடம் உண்டாகும், பம்ப் இழுத்துக் களைத்துப்போகும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் வந்தால் நோய் அதுதான்.

எர்த்

டேங்க் இப்போது முழுக்க ரப்பரில் நிற்கிறது, பெயின்ட்டும் அடித்தாயிற்று. அதாவது அதற்கும் சேஸிஸுக்கும் மின்தொடர்பே இல்லை. யூனிட்டுக்கு எர்த் கிடைக்காமல் முள் செத்துக் கிடக்கும். சிஜே-7 முறையில் அது காலி என்றே காட்டும், ஜெனரல் மோட்டார்ஸ் முறையில் எப்போதும் நிறைவு என்று காட்டும். யூனிட்டின் ஒரு திருகிலிருந்து சேஸிஸின் பளிச்சென்று சுரண்டிய ஓர் இடத்துக்குத் தனி வயர் இழுங்கள். நிரப்பும் கழுத்தும் ரப்பர் ஹோஸால் துண்டாகி நிற்கிறது. அதற்கும் சேஸிஸுக்கும், அதற்கும் டேங்குக்கும் ஒரு வயர் கொடுங்கள். பெட்ரோல் ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் அதன் வழியாக இறங்கிவிடும். முள் சரியாக வேலை செய்தாலும் இந்த வயரை விட்டுவிடாதீர்கள்.

நிரப்பிப் பார்த்தல்

முதலில் ஐந்து லிட்டர். பேட்டரியை இன்னும் மாட்டாமல், அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் தாளால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரிந்துவிடும். சுத்தமாக இருந்தால் பேட்டரியை மாட்டலாம். பம்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்று போட்டிருந்தால், பெட்ரோல் வந்து சேர்வதும் தெரியும், பின்னால் துரு வந்தாலும் தெரியும். எஞ்சினோடு சுழலும் பம்ப் என்றால் பெட்ரோல் ஏற நேரமாகும். பத்து வினாடி சுற்றி, ஒரு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, மறுபடி சுற்றுங்கள். டீசல் என்றால் கை பம்பை அடித்து, காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஐந்து லிட்டரில் கசியவில்லை என்பதால் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். யூனிட்டின் கேஸ்கெட்டும் மூச்சுக் குழாயும் டேங்கின் மேல்பக்கத்தில் இருக்கின்றன. கொஞ்சம் பெட்ரோல் அவற்றைத் தொடவே தொடாது. கழுத்துவரை நிரப்பிய அன்றுதான் அவை சோதனைக்கு வருகின்றன. நிறையக் கசிந்தால் கைவிட்டுச் சரிசெய்ய முடியாத இடம் என்பதால், இரண்டாம் சோதனையையும் வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில், ஜெர்ரிகேனால் மெதுவாக ஊற்றியே செய்யுங்கள். முள்ளையும் கவனித்து, பத்து லிட்டருக்கு ஒருமுறை அது எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டால் பின்னாளில் உதவும்.

முழு டேங்கோடு அந்தக் கல்லுக்குத் திரும்பிப் போங்கள். ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைபிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். உள்ளே புகுந்து படுக்க வேண்டாம், பக்கத்தில் குனிந்து விளக்கடித்துப் பார்த்தால் போதும். ஒரு விரல் இடைவெளி ஒவ்வொரு மூலையிலும் இன்னும் இருக்கிறதா? நிரப்பும் ஹோஸ் இழுபடுகிறதா? அடுத்து எதிர்ப்பக்கச் சக்கரத்தை ஏற்றி, அதே மாதிரி ஒருமுறை. கழுத்தும் யூனிட்டும் உள்ள பக்கம் தாழ்வாக இருக்கும்படி நிறுத்திக் கால் மணி நேரம் விட்டுவிட்டு, மறுபடி அந்த வெள்ளைத் தாளை எடுங்கள்.

ரப்பர் முதல் சில வாரங்களில் கொஞ்சம் அமுங்கும். 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையின் நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்து, தேவையென்றால் அரைச் சுற்று. ஃபில்டரில் பழுப்பாக ஏதாவது சேர்ந்திருந்தால் மாற்றுங்கள். காப்புத் தகட்டின் வடிகால் துளைகளில் ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் ஒரு குச்சியை விட்டுக் குத்தி, குழாயால் தண்ணீர் அடியுங்கள், அடிப்பக்கம் தெளிந்த தண்ணீராக வழியும்வரை.